சினைமுட்டை முதிர கோல்கி புரதப் பொடி உதவுமா?

கேள்வி: எனக்கு 33 வயது. நீடாமங்கலத்துக்கு அருகில் ஒரு கிராமம். திருமணமாகி 7 ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்கு விந்தணுக் குறைபாடு இருந்ததால் விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் சிகிச்சை எடுத்துக்கொண்டோம். 12 முட்டைகள் எடுத்தார்கள். அறிக்கையில் 5 எம்-2, 4 எம்-1, 3 ஜி.வி. என்று இருக்கிறது. அந்த ஐந்தில் மூன்று கருவாயின. இரண்டை வைத்தார்கள், தங்கவில்லை, மூன்றாவது வளரவில்லை. கடைசி ஊசியை இரவு 10 மணிக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். பக்கத்து ஊர் நர்ஸ் அக்கா வந்து சேர 11.30 ஆகிவிட்டது. ஒரு நாள் விட்டு மறுநாள் காலை 8.30 மணிக்கு முட்டை எடுத்தார்கள். இப்போது உறவினர் ஒருவர், "கோல்கி புரதம் குறைவாக இருப்பதால்தான் முட்டை பிரியவில்லை, எலியில் நிரூபித்திருக்கிறார்கள்" என்று சொல்லி, நான்கு மாதத்துக்கு 18,000 ரூபாய் விலையில் ஒரு பொடி வாங்கித் தருகிறேன் என்கிறார். குறுவை நெல் விற்ற பணம் கையில் இருக்கிறது. அத்தையோ, நான் வயலில் வெயிலில் நின்றதும் பப்பாளி சாப்பிட்டதும்தான் காரணம் என்கிறார். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள் உறவு. அதனாலும் இருக்குமா? கோல்கி புரதம் என்றால் என்ன? பொடி வாங்கலாமா?
— வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பொடியை வாங்க வேண்டாம். உறவினர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம், ஆனாலும் வேண்டாம். நெல் விற்ற பணத்துக்கு அடுத்த நடவுச் செலவு காத்திருக்கும், அடுத்த சிகிச்சைச் செலவும் காத்திருக்கும். அதிலிருந்து 18,000 ரூபாயை எடுத்து இதற்குக் கொடுப்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொன்று. போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 11.30 மணி. அதைப் பற்றி நீங்கள் உங்கள் மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும். ஏன் என்பது புரிய வேண்டுமானால் முட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்ட கோல்கி புரதமும் அதற்குள்தான் வருகிறது.

நான் கருவியல் ஆய்வகத்தில் வேலை செய்பவள். மருத்துவர் சினைப்பையிலிருந்து உறிஞ்சி எடுக்கும் திரவம் எங்கள் கைக்கு வரும். அதில் முட்டையைத் தேடி எடுப்போம். முட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதைச் சுற்றி வழுவழுப்பான செல்கூட்டம் ஒன்று அப்பியிருக்கும். இக்ஸி செய்வதற்காக அதை நொதிக் கரைசலில் சில நொடிகள் வைத்து, மெல்லிய குழாயால் உறிஞ்சியும் விட்டும் அந்தச் செல்களை நீக்குவோம். பிறகுதான் முட்டை தெளிவாகத் தெரியும். அப்போது நாங்கள் தேடுவது ஒரே ஒரு பொருளை. முட்டைக்கும் அதன் வெளியுறைக்கும் நடுவில் இருக்கும் குட்டி உருண்டை அது. துருவ உடல் என்று பெயர். சில முட்டைகளில் அது அடிப்பக்கம் மறைந்திருக்கும். குழாயின் நுனியால் முட்டையை மெதுவாகப் புரட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உருண்டை இருந்தால் எம்-2 என்று எழுதுகிறோம். உருண்டையும் இல்லை, உட்கருவும் தெரியவில்லை என்றால் எம்-1. உட்கரு வட்டமாக அப்படியே தெரிந்தால் ஜி.வி. இக்ஸி செய்வது எம்-2 முட்டைகளுக்கு மட்டும்தான்.

அப்படியானால் உங்கள் அறிக்கை சொல்வது இது: ஐந்து முட்டைகள் முதல் பகுப்பை முடித்துவிட்டன, நான்கு முட்டைகள் பகுப்பின் நடுவில் இருந்தன, மூன்று முட்டைகள் இன்னும் தொடங்கவே இல்லை. "முட்டை கெட்டுப்போனது" என்று அதில் எங்கும் எழுதவில்லை. வீட்டில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதக் கருவில் 60, 70 லட்சம் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். குரோமோசோம்களைப் பாதியாகக் குறைக்கும் குன்றல் பகுப்பு அந்தக் கருவிலேயே தொடங்கி, பாதி வழியில் நின்றுவிடுகிறது. உங்களிடமிருந்து எடுத்த 12 முட்டைகளும் நீங்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வேலையை 33 ஆண்டுகளாக நிறுத்திவைத்திருந்தவை. மாதந்தோறும் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச். ஹார்மோன் பெருகி வரும்போதுதான், முதிர்ந்த சினைக்குமிழில் (சினைப்பையில் முட்டை வளரும் திரவப் பை) இருக்கும் முட்டை மறுபடி வேலையைத் தொடங்கும். சிகிச்சையில் அந்த ஹார்மோனின் வேலையைச் செய்வதுதான் அந்தக் கடைசி ஊசி.

ஊசி ஏறியதும் முட்டை உடனே பிரிந்துவிடாது. சில மணி நேரம் கழித்து உட்கருவின் உறை கரையும். பிறகு குரோமோசோம்களைப் பிடித்து இழுக்க நுண்குழல்கள் என்ற மெல்லிய புரதக் குழாய்களால் ஆன கதிர்கோல் ஒன்று கட்டப்பட வேண்டும். நம் உடலின் மற்ற செல்களில் சென்ட்ரியோல் என்ற உறுப்பு இரண்டு முனைகளில் நின்று இந்தக் கதிர்கோலை அமைக்கிறது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சினைமுட்டையில் சென்ட்ரியோல் கிடையாது. முட்டை வளரும்போதே அது நீங்கிவிடுகிறது. அதனால் நுண்குழல்களை ஒன்றுகூட்டிக் கதிர்கோல் ஆக்கும் வேலையை வேறு புரதங்கள் பங்கு போட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. 2015-ல் ஆய்வாளர் மெலினா ஷூவின் குழு கேம்பிரிட்ஜில் மனித முட்டைகளை நுண்ணோக்கியில் தொடர்ந்து கண்காணித்து, கதிர்கோல் முழுமையாக அமைய ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது என்று கண்டது. அவ்வளவு நேரம் எடுத்தும் அது பல முட்டைகளில் நிலைகொள்ளாமல் வடிவம் மாறிக்கொண்டே இருந்தது. அந்த ஆய்வுக்குக் கிடைத்த முட்டைகள் எவை தெரியுமா? உங்களுடையதைப் போல இக்ஸிக்குப் பயன்படாமல் போன முதிராத முட்டைகள். சிகிச்சைக்கு வந்த தம்பதிகள் மனமுவந்து ஆராய்ச்சிக்குக் கொடுத்தவை. அவர்கள் கொடுத்ததால்தான் இன்று நான் உங்களுக்கு இதை எழுத முடிகிறது.

இனி கோல்கி. 1898-ல் இத்தாலியின் பாவியா நகரில் கமிலோ கோல்கி என்ற மருத்துவர், ஆந்தையின் சிறுமூளை நரம்பு செல்களில் வெள்ளி உப்புச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது உட்கருவைச் சுற்றி வலைபோல் ஒன்று தெரிந்தது. சாயத்தால் வந்த தோற்றம் என்று அறிஞர்களே பல பத்தாண்டுகள் நம்ப மறுத்தார்கள். 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே அந்த உறுப்பு உண்மையில் இருப்பது உறுதியானது. செல்லில் உருவாகும் புரதங்கள் இந்தக் கோல்கி உறுப்புக்குள் வந்து, சர்க்கரைத் துணுக்குகள் ஒட்டப்பட்டும் வெட்டித் திருத்தப்பட்டும், போக வேண்டிய இடத்துக்குப் பிரிந்து போகின்றன. கல்லணைக்கு வந்து சேரும் நீர் காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு, மிஞ்சியது கொள்ளிடத்துக்கு என்று பிரிகிறது அல்லவா, அதுபோல. முட்டையின் வெளியுறையைச் செய்யும் புரதங்கள் இந்த வழியாகத்தான் போகின்றன. ஒரு விந்து நுழைந்ததும் அடுத்த விந்து நுழையாதபடி வெளியுறையை மாற்றியமைக்கும் சிறு துகள்களும் கோல்கியிலிருந்தே உருவாகின்றன.

செல் பிரியும் நேரத்தில் இந்த உறுப்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. துண்டு துண்டாகச் சிதறி செல் முழுவதும் பரவிவிடுகிறது. கோல்கியின் அடுக்குகளைச் சேர்த்துவைக்கும் புரதங்களில் ஒன்று ஜி.எம்.130. 1995-ல் அதை விவரித்தார்கள். கோல்கி சிதறிய பிறகு இந்தப் புரதம் சும்மா இருப்பதில்லை, செல் பகுப்பில் அதற்குத் தனி வேலை உண்டு என்பது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. நுண்குழல் வளரத் தேவையான டி.பி.எக்ஸ்.2 என்ற புரதத்தை இம்போர்ட்டின் என்ற இன்னொரு புரதம் பிடித்துவைத்திருக்கும். ஜி.எம்.130 அந்த இம்போர்ட்டினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது; டி.பி.எக்ஸ்.2 விடுபடுகிறது, கோல்கித் துண்டுகளைச் சுற்றி நுண்குழல்கள் முளைக்கின்றன. இது சாதாரண உடல் செல்களில் கண்டது.

உறவினர் சொன்ன எலி ஆய்வு உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. 2011-ல் சுண்டெலியின் முட்டையில் பார்த்தார்கள். ஜி.எம்.130 கதிர்கோலின் இரு முனைகளிலும் போய் அமர்ந்திருந்தது. அந்தப் புரதத்தை வேண்டுமென்றே குறைத்தபோது கதிர்கோலின் உருவம் பிசகியது, பகுப்பும் பிசகியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முட்டை பிரிவது நடுவில் அல்ல, ஓரத்தில். குரோமோசோம்களில் பாதியைத் துருவ உடலில் போட்டு வெளியேற்றிவிட்டு, சத்து முழுவதையும் தனக்கே வைத்துக்கொள்ள வேண்டும். பிறக்கப்போகும் கருவின் முதல் சில நாட்களுக்கு அதுதான் உணவு. அதற்காகக் கதிர்கோல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்கிறது. ஜி.எம்.130 குறைந்த சுண்டெலி முட்டைகளில் குட்டியாக வெளியேற வேண்டிய துருவ உடல் பெரிதாக வெளியேறியது. கோல்கிக்கு வரும் போக்குவரத்தைத் தடுக்கும் பிரெஃபெல்டின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்த ஆய்வும் ஒன்று உண்டு. அதில் கதிர்கோல் ஓரத்துக்கு நகராமல் முட்டை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தது. படிக்கும்போது எனக்கு வியப்பாகவே இருக்கும். புரதங்களைப் பிரித்து அனுப்புவது மட்டும்தான் கோல்கியின் வேலை என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு முட்டை எந்த இடத்தில் பிரிய வேண்டும் என்பதிலும் அதற்குக் கை இருக்கிறது.

ஆனால் இந்த ஆய்வுகளில் எதுவும், உங்கள் முட்டையில் இந்தப் புரதம் குறைவாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆய்வகத்தில் புரதத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று காட்டின, அவ்வளவுதான். மனித முட்டை சுண்டெலி முட்டை போன்றதும் அல்ல. சுண்டெலி முட்டையில் நுண்குழல்களை ஒன்றுகூட்டும் மையங்கள் பல இருக்கின்றன; கதிர்கோல் சில மணி நேரத்தில் அமைந்துவிடும். மனித முட்டை வேறு வழியில், மிக மெதுவாக அதைச் செய்கிறது. 2022-ல் சீன ஆய்வாளர்கள் மனித முட்டைக்கே உரிய இன்னொரு மையத்தைக் கண்டறிந்து, அது எந்தெந்தப் புரதங்களால் ஆனது என்று சொன்னார்கள். அந்தப் பட்டியலில் ஜி.எம்.130 இல்லை.

உங்கள் முட்டையில் கோல்கி புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பரிசோதனை எந்தக் கருத்தரிப்பு மையத்திலும் கிடையாது. எங்கள் நுண்ணோக்கியில் கோல்கி தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் முட்டையை வேதிப்பொருளால் நிலைப்படுத்தி, ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அந்த முட்டை உயிரோடு இருக்காது. அளக்கவே முடியாத ஒன்று உங்களிடம் குறைவாக இருக்கிறது என்று அந்தப் பொடி விற்பவருக்கு எப்படித் தெரிந்தது? இந்த ஒரு கேள்வியை உறவினரிடம் நிதானமாகக் கேளுங்கள்.

பொடியில் உண்மையிலேயே அந்தப் புரதம் இருந்தாலும் பயனில்லை. வாயில் போடும் எந்தப் புரதமும் வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாக உடைந்த பிறகே ரத்தத்தில் சேர்கிறது. வீட்டில் சமைக்கும் பருப்பிலும் மீனிலும் இருந்து வருவதும் அதே அமினோ அமிலங்கள்தான். ஜி.எம்.130 ஐ ஒவ்வொரு செல்லும் தன் மரபணுவைப் பார்த்துத் தானே செய்துகொள்கிறது. அந்த மரபணு இரண்டு பிரதிகளிலும் பழுதான குழந்தைகள் மிக அரிதாகப் பிறந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூளை வளர்ச்சியிலும் தசைகளிலும் கடுமையான பாதிப்பு இருந்தது. வயலில் வேலை செய்து, வீட்டையும் பார்த்துக்கொண்டு, 33 வயதில் இவ்வளவு தெளிவாகக் கடிதம் எழுதும் உங்களுக்கு அந்தப் புரதம் இல்லை என்று சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை.

இப்போது 11.30 மணிக்கு வருகிறேன்.

சிகிச்சையில் கடைசி ஊசிக்கும் முட்டை எடுப்பதற்கும் இடையே பொதுவாக 34 முதல் 36 மணி நேரம் விடுவார்கள். அதற்குள் முட்டைகள் முதல் பகுப்பை முடித்துவிட வேண்டும். அதே சமயம் சினைக்குமிழ் வெடித்து முட்டை வெளியேறியும் விடக் கூடாது. இரவு 10 மணிக்கு ஊசி, ஒரு நாள் விட்டுக் காலை 8.30-க்கு எடுப்பது என்றால் 34.5 மணி நேரம். மருத்துவர் கணக்குப் போட்டது அதை வைத்துத்தான். ஊசி 11.30-க்கு ஏறியதால் உங்கள் முட்டைகளுக்குக் கிடைத்தது 33 மணி நேரம். பகலில் ஒன்றரை மணி நேரம் நமக்குப் பெரிதாகத் தெரியாது. கதிர்கோலைக் கட்ட மட்டுமே 16 மணி நேரம் எடுக்கும் முட்டைக்கு அது பெரிது. இடைவெளி 36 மணி நேரத்தைத் தாண்டும்போது முதிர்ந்த முட்டைகளின் விகிதம் கூடுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் நான்கு எம்-1 முட்டைகள் பகுப்பின் நடுவில் இருந்தவை என்றேனே, அவற்றில் சில இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் கிடைத்திருந்தால் எம்-2 ஆகியிருக்கக் கூடும்.

இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. மூன்று முட்டைகள் ஜி.வி. நிலையிலேயே இருந்ததற்கு ஒன்றரை மணி நேரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. சிறிய சினைக்குமிழ்களிலிருந்தும் முட்டை எடுத்திருந்தால் அப்படி வரும். ஆனால் வழக்கமாக எடுக்கும் முட்டைகளில் முக்கால் பங்கோ அதற்குச் சற்று அதிகமோ முதிர்ந்திருக்கும். உங்களுக்குப் பாதிகூட இல்லை. அதற்கு விளக்கம் தேட வேண்டும், தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். நர்ஸ் அக்காவைக் குறை சொல்லாதீர்கள். இரவில் கிராமத்துக்கு வந்து ஊசி போட்டுவிட்டுப் போகும் மனம் எல்லாருக்கும் வராது. தாமதமானதை மறுநாள் காலையே தொலைபேசியில் மையத்துக்குச் சொல்லியிருந்தால், முட்டை எடுக்கும் நேரத்தைத் தள்ளிவைத்திருப்பார்கள். இது நோயாளிகளுக்குத் தானாகத் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஊசியைக் கையில் கொடுக்கும்போதே அழுத்திச் சொல்ல வேண்டியது எங்களைப் போன்றவர்களின் பொறுப்பு.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சிகிச்சைக் குறிப்பு முழுவதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். கருத்தரிப்பு மையங்கள் பதிவேடுகளைப் பேண வேண்டும் என்று 2021-ல் வந்த சட்டமே சொல்கிறது, ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். அதில் ஊசி போட்ட நாளன்று சினைக்குமிழ்கள் ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர் இருந்தன என்று எழுதியிருக்கும். பெரும்பாலானவை 17, 18-ஐத் தொட்டிருந்தனவா, அல்லது பாதிக்குமேல் 13, 14-ல் இருந்தனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி உண்மையில் 11.30-க்குப் போடப்பட்டது என்பதைச் சொல்லி, அதைக் குறிப்பில் எழுதவும் சொல்லுங்கள். அந்த ஊசி மருந்து எந்த வகை, வீட்டில் எப்படி வைத்திருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சில வகைகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வெயிலில் பஸ்ஸில் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தால் மருந்தின் வீரியம் குறைந்திருக்கலாம். அடுத்த முறை ஒரே வகை ஊசிக்குப் பதிலாக இரண்டு வகைகளைச் சேர்த்துக் கொடுப்பது உங்களுக்குப் பொருந்துமா என்பதும் கேட்கத்தக்க கேள்வி. முதிராத முட்டைகள் அதிகம் வருபவர்களுக்குச் சில மருத்துவர்கள் அப்படிச் செய்கிறார்கள். மணியை நீங்களாக முன்னே பின்னே மாற்ற வேண்டாம்.

அடுத்த சிகிச்சையில் ஊசிக்கான இரவு மட்டுமாவது மையத்துக்கு அருகிலேயே தங்கிவிடுங்கள். மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ உறவினர் வீடு இருக்குமே. தங்க முடியாவிட்டால் கணவர் ஊசி போடப் பழகிக்கொள்ளலாம். வயிற்றுத் தோலுக்கு அடியில் போடும் வகையாக இருந்தால் கற்றுக்கொள்வது கடினமில்லை, நர்ஸே சொல்லிக்கொடுப்பார்.

எல்லாவற்றையும் சரியான நேரத்தில் செய்தும் மறுபடி முட்டைகள் எல்லாம் எம்-1-லோ ஜி.வி.யிலோ நின்றுவிட்டால், அப்போது மரபணுப் பக்கம் பார்க்க வேண்டும். கதிர்கோலின் நுண்குழலைக் கட்டும் டியூபுலின் வகைகளில் முட்டைக்கே உரிய ஒன்றின் மரபணு டி.யு.பி.பி.8. அதில் பிழை இருக்கும் பெண்களுக்கு முட்டை எம்-1-ல் நின்றுபோகிறது என்று 2016-ல் கண்டார்கள். பி.ஏ.டி.எல்.2 என்ற இன்னொரு மரபணுவில் இரண்டு பிரதிகளும் பழுதானால் முட்டை ஜி.வி.யிலேயே நிற்கும், இது 2017-ல் தெரியவந்தது. நீங்கள் கேட்ட உறவுமுறைக் கேள்வி இங்கேதான் பொருந்துகிறது. உங்கள் முட்டை முதிர்வதைப் பொறுத்தவரை நீங்கள் யாரைத் திருமணம் செய்துகொண்டீர்கள் என்பது பொருட்டே அல்ல. உங்கள் அப்பாவும் அம்மாவும் உறவினர் என்பதுதான் பொருட்டு, ஏனென்றால் ஒரே பழுதான பிரதி இரு பக்கத்திலிருந்தும் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு சற்று கூடுகிறது. உங்கள் விஷயத்தில் நான் அதை இப்போதைக்குப் பெரிதாக நினைக்கவில்லை. ஐந்து முட்டைகள் எம்-2 வரை போயிருக்கின்றன. பகுப்புக்கான கருவிகள் அடிப்படையில் வேலை செய்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. அக்கா, தங்கை யாருக்காவது இதே சிக்கல் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அத்தை சொன்னதைப் பற்றி: வெயிலில் நின்றதால் முட்டையின் பகுப்பு நிற்காது, உடலின் உள்வெப்பத்தை உடல் தானே காத்துக்கொள்கிறது. பப்பாளிக்கும் முட்டைக்கும் சம்பந்தம் இல்லை. வயல் வேலையில் நான் உங்களைத் தடுக்க விரும்புவது ஒன்றே ஒன்றுதான். பூச்சிமருந்து கலப்பதும் தெளிப்பதும் உங்கள் வேலையாக வேண்டாம், தெளித்த அன்று அந்த வயலில் இறங்கவும் வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் வீட்டில் இருந்தால் நீங்கள் அதைத் தொடாதீர்கள். புகையிலை சினைப்பைக்குக் கெடுதி என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. கணவரும் விட்டுவிட்டால் அவருடைய விந்தணுவுக்கும் நல்லது.

உங்களுக்கு நிச்சயமாகத் தேவைப்படும் மாத்திரை ஃபோலிக் அமிலம். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். சிலருக்கு மருத்துவர் அதிகம் எழுதுவார். விலை மிகக் குறைவு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். கருவாகும் குழந்தையின் தண்டுவடத்தைக் காக்க அது வேண்டும். முட்டையை முதிரவைக்கும் என்று அதைப் பற்றியும் நான் சொல்ல மாட்டேன். கோ-என்சைம் க்யூ10 என்ற சத்துமாத்திரை பற்றி விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். ஆய்வு முடிவுகள் ஒருமித்து இல்லை. உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம். தைராய்டும் சர்க்கரையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. அவற்றைப் பார்த்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் கொடுக்கும் நெய்ப் பிரசாதத்தை 48 நாள் சாப்பிடுவதற்கும் ஊசி மருந்துகளுக்கும் முரண்பாடு உண்டா என்று எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்பார்கள். நீங்களும் போயிருப்பீர்கள், அல்லது அத்தை அழைத்துப் போவார். எந்த முரண்பாடும் இல்லை. நிம்மதியாகச் சாப்பிடுங்கள், மாத்திரை ஊசி எதையும் அதற்காக நிறுத்தாமல்.

கடைசியாக, வைத்த இரண்டு கருக்கள் தங்காததைப் பற்றி. ஐந்தில் மூன்று கருவானது மோசமான விகிதம் அல்ல. நன்றாகத் தெரியும் கருக்களில்கூடப் பாதிக்கு மேல் தங்காமல் போவதுண்டு. பெரும்பாலும் குரோமோசோம் எண்ணிக்கையில் நேரும் பிழைதான் காரணம். வயது ஏற ஏற அந்தப் பிழை கூடும், குறிப்பாக 35-ஐத் தாண்டிய பிறகு. அதனால் அடுத்த சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். உடல் தேறவும் பணம் புரட்டவும் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும். கணவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முட்டை எண்ணிக்கையைக் கேட்டு அழுவது நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க வேண்டியதில்லை. குறிப்பின் நகல் கைக்கு வந்ததும் சினைக்குமிழ் அளவுகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். பெயரும் மையத்தின் பெயரும் வேண்டாம், எண்கள் மட்டும் போதும்.

அன்புடன்,
உங்கள் கருவியல் ஆலோசகர்